பதினாறு கோப்பை மாவு

லாரல் ஃபோர்க், கென்டக்கி
9 அக்டோபர் 1977

அன்புள்ள ஆர்விலுக்கு,

இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலை உலுக்காமல் பிரி. பன்றிக் கொழுப்பு வாங்கும் பழைய தகர வாளியில் உனக்கு பிஸ்கட் மாவு கலந்து அனுப்பியிருக்கிறேன். சர்க்கரை வியாதிக்காரன் வெள்ளை மாவைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது தலையை ஆட்டிவிட்டு, பஸ் ஏறும்போது வெள்ளை ரொட்டியை மடியில் கட்டிக்கொண்டு போனவன் நீ. அதனால் மில்லில் முழுக்கோதுமையாகக் கொடுத்து, தவிடு போகாமல் அரைத்து வந்தேன். மில்காரன் சிரித்தான். "டெல்ஃபியாக்கா, குதிரை வாங்கிட்டீங்களா?" என்றான். "இல்லப்பா, எங்க வீட்டுக் கிழட்டுக் குதிரை ஒஹாயோவுல வேலைக்குப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பால் பவுடர், கொழுப்பு, பொங்க வைக்கும் பேக்கிங் பவுடர் எல்லாம் மாவிலேயே இருக்கிறது. நீ தண்ணீர் மட்டும் விட்டால் போதும். காலையில் அரைக் கோப்பை மாவு, மூன்று கரண்டி தண்ணீர். பிசையாதே, சும்மா சேர்த்துப் பிடித்து, பன் மாதிரி பொங்கி மெத்தென்று ஆகும்வரை அடுப்பில் வேகவை. இரண்டு பிஸ்கட் வரும், உனக்கு அது போதும். வாளியில் பதினாறு கோப்பை இருக்கிறது, ஒரு மாதத்துக்குக் கணக்கு. ஜன்னலுக்கு வெளியே குளிரில் வை. வெள்ளை மாவைப் போல இது கிடக்காது, மாதம் தாண்டினால் கசந்துவிடும்.

சபையில் பாதிரியாரின் மனைவி ரெத்தாவைப் பற்றி விசாரித்தாள். நான்கு வருஷமாகியும் ஜனங்களுக்கு வாய் அரிப்பு போகவில்லை. எனக்கு மகளே இல்லை என்று சொல்லிவிட்டேன். ஊர் பெரிது என்று நீயும் அங்கே அவளைத் தேடிக்கொண்டு அலையாதே.

முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
டெல்ஃபியா

*

டேட்டன், ஒஹாயோ
13 நவம்பர் 1977

என் டெல்ஃபியாவுக்கு,

வாளி நேற்றோடு காலி. முதல் நாள் நீ வேண்டாம் என்று சொன்னதை மறந்து பிசைந்து தொலைத்தேன். வந்த பிஸ்கட்டைக் கொண்டு ஆணி அடிக்கலாம். மூன்றாம் நாள்தான் கை வந்தது. பிட்டபோது ஆவி பறந்து உள்ளே மடிப்பு மடிப்பாகப் பிரிந்தது. அந்த வாசனைக்கு நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். சாப்பிட்டால் சுரங்கத்துக்குப் போன காலத்துத் தெம்பு வருகிறது.

குளிர்பெட்டித் தொழிற்சாலையில் தரை பெருக்கும் வேலை தொடர்கிறது. கண்தான் மோசம். இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன், கோடு எங்கே என்றே தெரியவில்லை. அடுத்த வாளியை அனுப்பு.

உன்
ஆர்வில்

*

டேட்டன்
4 டிசம்பர் 1977

அன்புள்ள டெல்ஃபியா,

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. எனக்கு இப்போது எழுத்து புகை மாதிரித்தான் தெரிகிறது. கீழ் அறைக்குக் குடிவந்திருக்கும் ஒரு பெண், நான் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறாள். அச்சடித்ததுபோல் தனித்தனி எழுத்தாக எழுதினால்தான் உனக்குப் படிக்கச் சுலபம் என்று அவளே சொன்னாள். உன் கடிதங்களையும் இனி அவள்தான் எனக்குப் படித்துக் காட்டுவாள். மூன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது, பெயர் டெஸா.

காலையில் பிஸ்கட்டும் அவள்தான் சுட்டுத் தருகிறாள். கடைசியில் கையில் மிஞ்சும் மாவை உருட்டி, மிளகுக் கண் வைத்து வாத்து செய்து குழந்தைக்குக் கொடுக்கிறாள். அது வாத்தின் தலையைக் கடைசியாகத்தான் தின்னும்.

இரண்டாவது வாளி தீர்ந்துவிட்டது. இன்னொன்று அனுப்புவாயா? இந்த மாவை எப்படிக் கலப்பது என்று கற்றுக்கொள்ள அவளுக்கு ஆசை. நீ எழுதி அனுப்பினால் பத்திரமாக வைத்துக்கொள்வாளாம்.

ஆர்வில்

*

லாரல் ஃபோர்க்
11 டிசம்பர் 1977

ஆர்விலுக்கு,

கண்ணை இப்படியே விடாதே. டாக்டரிடம் போ.

ஆனால் எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, கணக்கும் தெரியும். முதல் வாளி முப்பத்திரண்டு நாள் வந்தது. இரண்டாவது பன்னிரண்டே நாளில் தீர்ந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு பிஸ்கட். உனக்குத் திடீரென்று மூன்று வாயா முளைத்தது?

கொழுப்பைத் தேய்த்துத் தேய்த்து என் விரல் மடங்காமல் கிடக்கிறது. உன் சர்க்கரைக்காகச் செய்கிறேன், டேட்டனில் குடியிருக்கிற பெண்களுக்காக அல்ல.

கைப்பக்குவத்தை எழுதி அனுப்ப முடியாது. அது என் வயிற்றில் பிறந்தவளுக்குப் போக வேண்டியது. ஒருத்தி இருந்தாள், அவள் பெயர் இந்த மேசையில் பேசப்படுவதில்லை. அது என்னோடு மண்ணுக்குப் போகட்டும். இதை உன் எழுத்துக்காரியிடம் சொல்லிவிடு. சொல்லவா வேண்டும், அவள்தானே இதைப் படித்துக்கொண்டிருப்பாள்.

வாளி அனுப்பியிருக்கிறேன்.

டெல்ஃபியா

*

டேட்டன்
27 டிசம்பர் 1977

அன்புள்ள டெல்ஃபியா,

வாளி வந்தது. கிறிஸ்துமஸ் அன்று கோழிக் குழம்பு ஊற்றி பிஸ்கட் சாப்பிட்டோம். கைப்பக்குவம் கேட்டது தப்பு என்றால் மன்னித்துவிடு, இனி கேட்கவில்லை.

வலது முழங்கால் மழைநாளில் எப்படி இருக்கிறது? மாட்டுக் கொட்டகைக்குப் போகும் படியில் பனி இருக்கும்போது இறங்காதே, அந்த மூன்றாவது படி ஆடும்.

வேறு ஒன்றும் இல்லை. மாவு தீரப் போகிறது.

ஆர்வில்

*

லாரல் ஃபோர்க்
5 ஜனவரி 1978

ஆர்விலுக்கு,

என் முழங்கால் வலது என்றும், என் கொட்டகைப் படியில் மூன்றாவது ஆடுகிறது என்றும் அவளுக்கு யார் சொன்னது? அது உன் பேச்சு இல்லை. முப்பது வருஷத்தில் நீ ஒரு நாளும் என் முழங்காலைப் பற்றிக் கேட்டதில்லை. அவள் கேட்கிறாள். என் வீட்டை அக்குவேறு ஆணிவேறாக அவளிடம் ஒப்பித்திருக்கிறாய். காலை வேளைகளில் என் மாவைத் தின்றுகொண்டே என்னைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

இனி நேரே அவளுக்கே சொல்கிறேன். ஏய் பெண்ணே, நீ யாரோ எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கண் தெரியாத கிழவனைக் கைக்குள் போட்டுக்கொண்டு என் கையுழைப்பைத் தின்கிறாயே, அது உன் தொண்டையில் அடைக்கட்டும். தகப்பன் பெயர் தெரியாத பிள்ளைக்கு என் மாவில் வாத்து ஒரு கேடா? நான்கு வருஷத்துக்கு முன் அப்படிப்பட்ட ஒரு வயிற்றை என் வாசலிலேயே நிறுத்திக் கதவைச் சாத்தினேன். பெற்ற மகளையே நிறுத்தியவள், உன்னை விடுவேனா?

இதோடு வரும் வாளி மாவை ஆசையாகச் சுட்டுத் தின்னுங்கள்.

டெல்ஃபியா

*

டேட்டன்
23 ஜனவரி 1978

டெல்ஃபியா,

இதை நானே எழுதுகிறேன். எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், எப்படியாவது படி.

அவள் ரெத்தா.

அக்டோபர் கடைசியில் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். என் இருமலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். நவம்பரில் கீழ் அறை காலியானதும் குழந்தையோடு வந்துவிட்டாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று பைபிள்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அம்மா தானா கூப்பிட்டாத்தான் வருவேன்ப்பா. நீங்க சொல்லிக் கூப்பிட்டா வரமாட்டேன்." கைப்பக்குவம் கேட்டால் உன் மனம் எப்படி இருக்கிறது என்று தெரியும் என நினைத்தாள். உன் பதிலை எனக்குப் படித்துக் காட்டினாள். "ஒருத்தி இருந்தாள்" என்ற இடத்தில் நிறுத்தினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி படித்தாள். முழங்காலைப் பற்றி எழுதியதும் அவள்தான். நான் சொல்லவில்லை.

நீ கடைசியாக அனுப்பிய பார்சலில் கடிதமும் வாளியும் ஒன்றாக இருந்தன. பிஸ்கட்டை அடுப்பில் வைத்துவிட்டு, வேகும் நேரத்தில் படிக்கலாம் என்று உட்கார்ந்தாள். பாதியில், "படிக்கட்டுமா, வேணாமாப்பா?" என்று கேட்டாள். நான் முட்டாள், என்ன எழுதியிருக்கிறாய் என்று தெரியாமல் படி என்றேன். கடைசி வரி வரைக்கும் படித்தாள், ஒரு சொல் விடாமல்.

பிறகு அடுப்பைத் திறந்தாள். எதுவும் எழும்பவில்லை. ஓடு மாதிரிக் கிடந்தன. டெஸா எட்டிப் பார்த்து, "தாத்தா, வாத்து செத்துப்போச்சு" என்றாள். நீ கைமறதியாகப் பேக்கிங் பவுடரை விட்டுவிட்டாய் என்று ரெத்தாவைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். "அம்மாவுக்கு அளவு மறக்காதுப்பா. இது வேணும்னே செஞ்சது" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் பிடித்து நிறுத்தியிருப்பேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் அறை காலி. எந்தப் பஸ் என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று நீ கதவைச் சாத்தியபோது உன் பின்னால் நின்றுகொண்டிருந்தவன் நான். ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆர்வில்

*

லாரல் ஃபோர்க்
29 ஜனவரி 1978

ஆர்வில், என் ஆர்வில்,

அவளைக் கண்டுபிடி. போலீஸிடம் போ, சபைகளில் கேள், சாப்பாட்டுக் கூடத்தில் அவளோடு வேலை செய்தவர்களைக் கேள். நான் இங்கே பைத்தியம்போல் நடந்துகொண்டிருக்கிறேன்.

ஆமாம், வேண்டுமென்றே செய்தேன். பேக்கிங் பவுடர் டப்பாவைத் திறந்து, மறுபடி மூடி, அலமாரியில் வைத்தேன். அந்தப் பெண் திறந்து பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அந்த முகம் என் மகளுடையது.

வாத்து என்று எழுதியிருந்தாயே. மிளகுக் கண் என்றுகூட எழுதியிருந்தாயே. ரெத்தாவுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து பன்னிரண்டு வயதுவரை மிஞ்சின மாவில் அவளுக்கு அந்த வாத்தைச் செய்து கொடுத்தது இந்தக் கைதான். அதன் தலையை அவளும் கடைசியாகத்தான் தின்பாள். அந்த வரியை நான் படித்தேன், ஆர்வில். பிஸ்கட்டை எண்ணிக்கொண்டிருந்தேன், அதனால் வாத்தைப் பார்க்கவில்லை. அவள் கடிதம் முழுக்க "நான்தான் அம்மா, நான்தான்" என்று சொல்லியிருக்கிறாள். நான் நாட்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

டெஸா என்றா பெயர்? அது என் அம்மாவின் பெயர் ஒடெஸாவைச் சுருக்கினதா? சொல்லு. இல்லை, சொல்லாதே.

நீ அவளை அழைத்துக்கொண்டு வா. கதவைக் கழற்றியே வைக்கிறேன்.

டெல்ஃபியா

*

டேட்டன்
20 பிப்ரவரி 1978

டெல்ஃபியாவுக்கு,

உன் கடிதத்தை வீட்டுச் சொந்தக்காரர் படித்துக் காட்டினார். ஒரு தகவலும் இல்லை. கேட்க வேண்டிய எல்லோரையும் கேட்டாகிவிட்டது. சின்சினாட்டியில் பார்த்ததாக ஒருவன் சொன்னான். போய்ப் பார்த்தேன், அது வேறு பெண்.

ஆமாம், உன் அம்மாவின் பெயர்தான்.

வேலை போய்விட்டது, கண் தெரியாதவனை எதற்கு வைத்துக்கொள்வார்கள். ஆனாலும் ஊருக்கு வரமாட்டேன். என்றைக்காவது அவள் வந்து தட்டினால் திறக்க இந்தக் கதவுக்குப் பின்னால் ஒருவர் இருக்க வேண்டும். முந்தி ஒரு முறை நான் கதவுக்குப் பின்னால் சும்மா நின்றுவிட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. உன் குரலைக் கேட்டால் அந்தக் கடிதம்தான் என் காதில் ஒலிக்கும், அதுவும் அவள் குரலில் ஒலிக்கும். அதை என்னால் தாங்க முடியாது.

மாவு அனுப்பாதே. எனக்குச் சுடத் தெரியவில்லை, அடுப்புச் சூடு கண்ணுக்குப் பிடிபடவில்லை. இனி எழுதவும் மாட்டேன் என்று நினைக்கிறேன்.

ஆர்வில்

*

லாரல் ஃபோர்க்
12 மார்ச் 1978

ஆர்விலுக்கு,

நீ பதில் போட வேண்டாம். இதை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல், பிறகு அடுத்த தாளைக் கிழித்து உன் கதவின் உட்பக்கத்தில் ஆணியடித்து மாட்டு. அது உனக்கு இல்லை.

இங்கே காலையில் இரண்டு பிஸ்கட் சுடுகிறேன், ஒன்றைத் தின்கிறேன். மிஞ்சின மாவில் கை தானாக வாத்து பிடிக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை. ஜன்னல் கட்டையில் பதினோரு வாத்து காய்ந்து கிடக்கின்றன. பாதிரியாரின் மனைவியிடம் போய், எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், பேத்தியும் இருக்கிறாள், நான்தான் துரத்தினேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதனால் ஒன்றும் மாறவில்லை.

டெல்ஃபியா

(கதவில் மாட்ட வேண்டியது)

ரெத்தா, முழுக்கோதுமை மாவு பன்னிரண்டு கோப்பை எடு, தவிட்டைச் சலித்து எறியாதே. பால் பவுடர் ஒன்றரைக் கோப்பை, உப்பு இரண்டு கரண்டி. பேக்கிங் பவுடர் ஆறு கரண்டி, வழித்து அள, அதை மட்டும் இரண்டு முறை எண்ணு. எல்லாவற்றையும் கலந்த பிறகு குளிர்ந்த பன்றிக் கொழுப்பு இரண்டரைக் கோப்பை போட்டு விரல் நுனியால் தேய், பட்டாணி அளவுக்கு உதிர்ந்தால் நிறுத்திவிடு. உள்ளங்கை படக் கூடாது, கைச்சூட்டில் உருகிவிடும். உனக்கு எப்போதும் கை சில்லென்று இருக்கும், உனக்கு என்னைவிட நன்றாக வரும். கலந்ததைத் தகர வாளியில் போட்டுக் குளிரில் வை. இது உன்னுடையதுதான், வேறு யாருக்கும் நான் வைத்திருக்கவில்லை. வாத்துக்குக் கண் மிளகுதான் வைக்க வேண்டும், மற்றதெல்லாம் சூட்டில் உருகிவிடும் என்று உனக்குத் தெரியும். டெஸாவுக்கு இன்னொன்று சேர்த்துச் செய்து கொடு.

அம்மா

ஆர்வில், நீ வேண்டாம் என்றாலும் வாளி அனுப்பியிருக்கிறேன், பேக்கிங் பவுடர் போட்டிருக்கிறேன், மூன்று முறை பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே வை. ஒரு மாதம் தாங்கும். அதற்குள் அவள் வராவிட்டால் கொட்டிவிட்டு வாளியைக் கழுவி வை, அடுத்த மாதத்து மாவு வந்துவிடும்.