கொட்டகையில் சிரித்தது

தம்போய், ஜோகூர்
12-7-1937

அன்புள்ள அங்கம்மாளுக்கு உன் புருஷன் வீரமுத்து எழுதுவது. நீயும் அம்மாவும் சுகமா? எனக்குக் காய்ச்சல் விட்டுப்போச்சு, திரும்பவும் தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால் வெட்டப் போகிறேன். கவலைப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை டவுனில் தமிழ் பேசும் படம் பார்த்தோம். புருஷன் பெண்சாதிச் சண்டைதான் கதை. ஒருவன் குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்று தட்டைத் தூக்கி எறிகிறான். பெண்சாதி தலையெல்லாம் சோறு. கொட்டகையே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம் அவள் குனிந்து ஒவ்வொரு பருக்கையாய்ப் பொறுக்கினாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் கப்பலேறுவதற்கு முதல் நாள் நம் வீட்டிலும் அதுதானே நடந்தது. இதைப் படித்துக் காட்டுகிற உன் அண்ணனிடம் நீ சொல்லியிருக்க மாட்டாய். மச்சான், இந்த இடத்தை விட்டுவிடாமல் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நீ இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் கொடுத்தனுப்பு. நான் பொங்குவதை என்னாலேயே வாயில் வைக்க முடியவில்லை. டவுனுக்குத் தபால் கொண்டுபோகிறவர் வாசலில் நிற்கிறார். பதிலில் ஒன்று மட்டும் எழுதச் சொல். அன்றைக்குப் பானையில் வேறு சோறு இல்லை. நீ என்ன சாப்பிட்டாய்?