தெற்குச் சுவரில் ஒரு பேனர்

ஜூன், வியாழன்.

இன்று, நான் பிளான் போட்டுக் கொடுத்த அண்ணனூர்ப் பள்ளிக்குப் போயிருக்கவே கூடாது. ஏசிக்குக் காசில்லை, கரண்ட் பில்லும் ஏறக் கூடாது என்று தாளாளர் சொன்னதால்தான், தெற்குச் சுவர் முழுக்கச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கும்படி வரைந்து கொடுத்தேன். காற்றும் வெளிச்சமும் தானாக வரும் என்றேன். போன வருஷம் வரவும் செய்தது.

இப்போது அந்தச் சுவரையே காணோம். ரோட்டைப் பார்த்த சுவர் அதுதான் என்று, பத்தாம் வகுப்பில் மார்க் வாங்கிய பிள்ளைகளின் படத்தோடு மாடி உயரத்துக்கு பேனர் கட்டிவிட்டார்கள். உள்ளே பட்டப்பகலில் டியூப்லைட் எரிகிறது. பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொள்கிறார்கள்.

சண்டை போடத்தான் போனேன். தாளாளர் டீ வரவழைத்துவிட்டு, "காத்து வரலேன்னா ஃபேன் போட்டுக்கலாம் மேடம். அட்மிஷன் வரலேன்னா இன்னா போட்டுக்கறது?" என்றார். டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளியையே பூட்ட வேண்டியதுதான்.

கிளம்பும்போது கடல்காற்று எழும்பி, பேனரின் ஒரு மூலை பிய்த்துக்கொண்டது. வாட்ச்மேன் ஏணியோடு ஓடி வந்தார்.

"மேடம், அந்தக் கவுத்தக் கொஞ்சம் புட்ச்சிக்கினு நில்லுங்க. பறந்துடப் போவுது!"

அவர் முடிச்சுப் போடும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். என்னமாய் இழுத்தது அந்தக் காற்று. உள்ளங்கை இன்னும் எரிகிறது.