கையால் பேசுகிறவர்களின் இதயம்

போர்தோ மருத்துவமனை, பிரான்ஸ்,
செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு லேசியா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் படபடப்பு எப்படி இருக்கிறது? அம்மாவிடம் மறைத்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

நேற்று ஒரு வேடிக்கை. துடிப்பு தாறுமாறான இதயத்துக்குள் குழாய் விட்டு, கோளாறான இடத்தைச் சுட வேண்டும். வழிகாட்டும் முப்பரிமாணப் படத்தைத் திரையில் வரைவது என் வேலை. படுத்திருந்தவர் நம் கோர்சிக்கா தீவுக்காரர், சாந்துச்சி. அரை மயக்கத்தில், ஏதோ கால்பந்தாட்டக் கனவில், "அந்த ரெஃப்ரிக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கையை வீசினார். உடம்பு அசைந்ததில், திரையில் குழாயின் முனை இதயத்துக்கு வெளியே நின்றது.

"சுடாதீங்க டாக்டர், படம் நகர்ந்துடுச்சு!"

"ஒரு மயிரிழைதானேம்மா?" என்றார் தலைமை மருத்துவர்.

"நல்ல துடிப்பு போற வழி அந்த மயிரிழையிலதான் இருக்கு."

அவர் சூடு பாய்ச்சும் மிதியிலிருந்து காலை எடுத்தார். நான் படத்தை முதலிலிருந்து வரைந்தேன். பிறகு சுட்டதும் துடிப்பு சீரானது. கையைக் கட்டிலோடு கட்டும் கைப்பட்டையைத் தளர்வாக விட்டது இந்த ஊர்க்காரர்கள்தான். ஆனாலும் நம்மவர்கள் கையால் பேசுவார்கள் என்று நானல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

நம் ஊர்க் கஷ்கொட்டை மாவு தீர்ந்துவிட்டது. தபாலில் வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். பன்னிரண்டாம் தேதிக்கு இங்கே இதே சிகிச்சைக்கு உங்கள் பெயரைப் பதிந்துவிட்டேன். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று இப்போதே கையை வீசுவீர்கள், தெரியும்.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். உங்கள் கைப்பட்டையை நானே இறுக்குவேன்.

லேசியா