அம்மாவின் மடியில் ஏழு பைகள்

டிசம்பர் 11, 1996, புதன்

காலையில் மூடுபனி. எதிர்வீட்டு கேட் ஏழரைக்குத்தான் தெரிந்தது. நாளை அறிவியல் பரீட்சை. படித்தது: ஒளிவிலகல். படிக்காதது: மீதி எல்லாம்.

இட்லி சாப்பிடும்போது வீட்டில் பெரிய வாதம். தலைப்பு: கிறிஸ்மஸ் துணி வாங்கப் போவது பஸ்ஸிலா, ஆட்டோவிலா? குறிப்பெடுத்தவள் நான். பள்ளி வாதக் குழுவிலும் எனக்கு இதே வேலைதான். பேச விடமாட்டார்கள், குரல் நடுங்குகிறதாம்.

அப்பா, ஆட்டோ கட்சி: "டிசம்பர்ல ஓடறது பஸ்ஸே இல்ல, மாவு மிஷின். உள்ள போனா அரைச்சுத்தான் வெளிய விடும்."

அம்மா, பஸ் கட்சி: "பதினெட்டு வருஷமா அந்த மிஷின்லதான் போய் வந்தேன். அரைபடல."

டேனி அண்ணன், எந்தக் கட்சியும் இல்லை: "ஊர்ல இருக்கற எல்லாரும் ஒரே தெருவுல போய் ஏன் இடிச்சிக்கணும்? பக்கத்துக் கடையிலயே சட்டை விக்கிறான்."

அம்மா: "கூட்டமில்லாம வாங்கினா அது வெறும் துணி, டேனி. கூட்டத்துல வாங்கினாதான் கிறிஸ்மஸ் துணி."

அம்மாவுக்கு ஒரு மதிப்பெண்.

ஆனால் வாதம் பஸ்ஸைப் பற்றியது இல்லை. எல்லாருக்கும் தெரியும். ஜூனில் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். வீடு திரும்பிய அன்று அப்பா ஒரு பட்டியல் எழுதி சமையலறைக் கதவில் ஒட்டினார். "ஹெலன் தூக்கக் கூடாதவை: குடம், குக்கர், ஈரத்துணி வாளி, அரிசி டப்பா, பக்கத்து வீட்டுக் குழந்தை." இன்னும் அங்கேயே இருக்கிறது, ஓரத்தில் சாம்பார் கறையோடு. ஆறு மாதத்தில் அம்மா போன இடங்கள் இரண்டு: ஆஸ்பத்திரி, சர்ச். இரண்டுக்கும் ஆட்டோ. அம்மா எதையாவது எடுத்தால் நாங்கள் மூன்று பேரும் ஓடிப்போய் வாங்கிக்கொள்வோம். போன வாரம் நான் ஒரு டம்ளரைக்கூடப் பிடுங்கிவிட்டேன்.

போன மாதம் டாக்டர் சொன்னார்: "இனிமே எல்லாம் செய்யலாம்மா. பயப்படாதீங்க." அம்மா நம்பிவிட்டாள். அப்பா நம்பவில்லை.

என் ஓட்டு: ஆட்டோ. (அம்மாவிடம் சொல்லவில்லை. ஜூனில் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.)

டிசம்பர் 13, வெள்ளி

அறிவியல் சுமார். வரலாறு நன்று. ஒளிவிலகல் வரவே இல்லை.

தீர்ப்பு வந்துவிட்டது. நாளை போகவும் ஆட்டோ, வரவும் ஆட்டோ. அப்பா, அம்மா, நான். அம்மா "சரிங்க" என்று மட்டும் சொன்னாள். அப்படிச் சொன்னால் சரி இல்லை என்று அர்த்தம்.

வாங்க வேண்டியவை: எனக்கு ஃப்ராக் துணி (வெளிர் நீலம், கிடைத்தால்). அண்ணனுக்கு சட்டை. அப்பாவுக்கு பேண்ட் துணி. அம்மாவுக்குப் புடவை. நட்சத்திரத்துக்கு பல்பு. லைப்ரரிப் புத்தகம் திருப்ப வேண்டும்.

டிசம்பர் 14, சனி

எழுத நிறைய இருக்கிறது. கை வலிக்கும் வரை எழுதப் போகிறேன்.

போகும்போது ஆட்டோ. எந்தக் குறையும் இல்லை, எதுவும் நடக்கவும் இல்லை. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் தலைகள் மட்டும்தான் தெரிந்தன. ஒரு கடைக்காரர் எங்களைப் பார்த்துத் தமிழிலும், பின்னால் வந்தவர்களிடம் கன்னடத்திலும், அடுத்தவர்களிடம் உருதுவிலும் ஒரே புடவையை ஒரே மூச்சில் விற்றார். அம்மா நாற்பது புடவையாவது பிரிக்கச் சொல்லியிருப்பாள். எடுத்தது முதலில் பார்த்த அரக்கு நிறம். அப்பா வாசலிலேயே நின்றார், எல்லாப் பைகளும் அவர் கையில். எனக்கு வெளிர் நீலம் கிடைத்தது!

திரும்பும்போதுதான் கதை. லைப்ரரி மூடிவிட்டதால் புத்தகம் இன்னும் என் கையில். ஐந்து மணி. முதல் ஆட்டோ: "ரிச்சர்ட்ஸ் டவுனா? பரல்லா சார்." இரண்டாவதும் வராது. மூன்றாவது மீட்டரைப் போல ஒன்றரை மடங்கு கேட்டது. அப்பா சரியென்று சொல்லி முடிப்பதற்குள் வேறு யாரோ ஏறிவிட்டார்கள். நான்காவது நிற்கவே இல்லை. அம்மா சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். நாங்கள் பின்னால்.

ஐந்தரை பஸ் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஜன்னல் வழியே கைக்குட்டை போட்டு இடம் பிடித்தார்கள். என்னிடம் கைக்குட்டை இல்லை. லைப்ரரிப் புத்தகத்தைப் போட்டேன். (மன்னிக்கவும், லைப்ரரியன் மேடம்.) ஒரு பாட்டி அதைத் தள்ளிவிடாமல், "புஸ்தகம் உக்காந்திருக்குது, வேற சீட் பாரு" என்று இன்னொருத்தியிடம் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் நின்றேன். பெண்களுக்கு முன் வாசல், ஆண்களுக்குப் பின் வாசல். அப்பா கடைசிப் படியில் மாட்டிக்கொண்டார், எங்கள் பைகளோடு.

பிறகு கூட்டம் ஏறியது. "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கண்டக்டர் கத்தினார், முன்னால் போக இடமே இல்லை. நிற்பவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் அல்லவா? யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லாரும் செய்வார்கள். மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் முதலில் அம்மாவிடம் ஒரு கவரை நீட்டினாள்.

"அக்கா, இத கொஞ்சம் வச்சிக்கிறீங்களா? தினமும் இந்த பஸ்தான் அக்கா, தினமும் இதே கதிதான்."

அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். அடுத்து ஒரு காய்கறிப் பை. ஒரு பள்ளிப் பை. துணிக்கடைக் கவர்கள் இரண்டு. ஒரு குடை செருகிய கூடை. பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கி வந்த கேக், தகரத் தட்டோடு, பையில் சூடாக. மொத்தம் ஏழு. அம்மாவின் கண்ணாடி மட்டும்தான் மேலே தெரிந்தது.

நான் பாய்ந்தேன். "அம்மா, தூக்கக் கூடாது! என்கிட்ட குடு."

"நான் எங்க தூக்கறேன்? வச்சிருக்கேன்" என்றாள். அப்படி ஒரு பார்வை. கையை எடுத்துவிட்டேன்.

பின்னாலிருந்து அப்பா, எல்லாத் தலைக்கும் மேலே: "ஹெலன்! சரியா இருக்கியா?"

பதில் சொல்ல அம்மாவுக்கு வாய் எட்டவில்லை, கேக் தட்டு மறைத்தது. அப்பா மறுபடி: "ஹெலன்!"

நடுவில் நின்ற யாரோ ஒருவர், நல்ல கனமான குரலில், நலம் என்று கன்னடத்தில்: "ஹெலன் சென்னாகித்தாரெ சார்!"

பஸ் முழுவதும் சிரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் அஞ்சல்தான். "ஹெலன் எப்பிடி இருக்காங்க?" "நல்லா இருக்காங்க, கேக் வச்சிருக்காங்க!" அம்மா சிரித்துச் சிரித்து, காய்கறிப் பையிலிருந்து ஒரு கத்தரிக்காய் உருண்டு போயிற்று. அதுவும் கை மாறிக் கை மாறித் திரும்பி வந்தது.

ஜூனுக்குப் பிறகு அம்மா சத்தமாகச் சிரித்து இன்றுதான் கேட்டேன். என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன்.

நன்றி: அந்தப் பாட்டிக்கு. வராத நான்கு ஆட்டோக்களுக்கு. கத்தரிக்காயை அனுப்பிய கைகளுக்கு.

பின்குறிப்பு, இப்போதுதான் தெரிந்தது: வீட்டில் ஒரு கவர் அதிகம். இறங்கும்போது மடியில் மிஞ்சியதை அம்மா எங்களுடையது என்று நினைத்து எடுத்து வந்துவிட்டாள். உள்ளே இரண்டு ஜோடி வெள்ளை ஷூ, சின்னக் குழந்தைகள் அளவு. பில்லில் பெயர் இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. ஆல்ட்டோ பகுதி இன்னும் வரவில்லை. வெயில்.

மதியம் வாதம், இரண்டாம் சுற்று. மேஜை நடுவில் அந்த ஷூ கவர்.

அம்மாவுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. மஞ்சள் ஸ்வெட்டர்க்காரி, மூக்குத்தி, கோல்ஸ் பார்க் நிறுத்தத்தில் தள்ளுமுள்ளில் இறங்கிப் போனவள்.

அப்பா: "பாத்தியா? பஸ்ல போனா இதான்."

அண்ணன்: "டிப்போல குடுத்துடலாம்மா. வேலை முடிஞ்சுது."

அம்மா: "அவ டிப்போவ நம்பிக் குடுக்கல. என்ன நம்பிக் குடுத்தா. நாளைக்கு நான் சிவாஜிநகர் போறேன். அதே அஞ்சரை பஸ்ல திரும்பி வரேன்."

நாளை எனக்குக் கணக்குப் பரீட்சை, மதியம். அண்ணனுக்குக் கல்லூரி. அம்மா தனியாகப் போவாள் என்று அர்த்தம். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"நான் லீவு போடறேன். ஆட்டோல கூட்டிட்டுப் போய்த் தேடலாம்."

"ஆட்டோல போனா அவ என்ன எப்பிடிங்க பாப்பா? அவ தேடறது பஸ்ல."

அப்பா சோற்றைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார்.

அண்ணன் மேஜையில் கரண்டியால் தட்டினான்: "தீர்ப்பு!"

அப்பா சிரிக்கவில்லை. "ரசம் ஊத்து" என்றார். நான் ஊற்றப் போனேன், அம்மா என்னைத் தடுத்துவிட்டுத் தானே ஊற்றினாள்.

டிசம்பர் 16, திங்கள்

கணக்கு: கடைசி வினா விட்டுவிட்டேன். வடிவியலின்போது அம்மா எந்த நிறுத்தத்தில் இருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீடு வந்தால் அப்பா சீக்கிரமே வந்திருக்கிறார். கேட் அருகில் குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர். ஒரே செடிக்கு, இருபது நிமிடம்.

ஆறேகாலுக்கு அம்மா. ஷூ கவரோடு. மஞ்சள் ஸ்வெட்டர் வரவில்லை. முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது, உட்கார்ந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

அப்பா: "போதும் ஹெலன்."

அம்மா: "வெள்ளை ஷூங்க. ஏதாவது பள்ளிக்கூட விழாவுக்குத்தான் இருக்கும். நாள் ஓடுது."

பிறகு என்னிடம் மெதுவாக, ஏதோ பரிசு வாங்கியவள் மாதிரி: "இன்னிக்கு நாலு பை. ஒரு கைக்குழந்தை வேற. தூங்கிடுச்சு மடியிலயே." கொஞ்ச நேரம் கழித்து, "ஆறு மாசமா எல்லாரும் என் கையிலருந்து வாங்கிக்கிட்டே இருந்தீங்கடி. யாரும் எதுவும் குடுக்கல" என்றாள். கோபமாக இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே.

அந்த டம்ளர் ஞாபகம் வந்தது. குளியலறைக்குப் போய் கொஞ்சம் அழுதேன். பிறகு கன்னடப் பாடம் படித்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

பரீட்சை முடிந்தது! இனி பத்து நாள் எதையும் படிக்க வேண்டாம், அதனால் எல்லாவற்றையும் படிப்பேன். குளிர் காற்று. எங்கள் நட்சத்திரம் எரிகிறது, ஒரு முனை மட்டும் மங்கல்.

ஐந்தே முக்காலுக்கே பஸ் ஸ்டாப் போனேன். அங்கே அப்பா! கையில் ரொட்டி. ரொட்டிக் கடை எதிர்த் திசையில்.

"அம்மாவுக்கு வலி வந்துடுமாப்பா?"

"தெரியல ரூத். எனக்கு வலிக்குது, அது தெரியும்."

முதல் பஸ் வேறு ரூட். இரண்டாவதும். மூன்றாவதின் ஜன்னலில் முதலில் தெரிந்தது ஒரு பெரிய காலிஃபிளவர், அதற்குப் பின்னால் கண்ணாடி. அம்மா. மடி நிறைய யாருடைய பைகளோ. ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். "போய்ட்டு வாங்கக்கா", "ஹுஷாரு அக்கா, பாத்து" என்று நான்கைந்து குரல். எல்லாருக்கும் அவளைத் தெரிந்திருக்கிறது, இரண்டே நாளில்.

இறங்கினாள். ஷூ கவர் இல்லை!

"கிடைச்சா! நேத்து பிள்ளைக்குக் காய்ச்சலாம், வேலைக்கே வரல. இரட்டைப் பெண்ணுங்க. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல ரெண்டும் தேவதையாம். என்னப் பாத்ததும் கையப் பிடிச்சிக்கிட்டு அழுதுட்டா, நானும் அழுதுட்டேன். கண்டக்டர் ரெண்டு பேரையும் திட்டினார்." மூச்சு வாங்கியது, ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. கையில் அவளுடைய துணிப்பை, அதில் அந்தப் பெண் கொடுத்த நாலு கொய்யா.

அப்பாவின் கை வழக்கம்போல் அந்தப் பையை வாங்க நீண்டது. பாதியில் நின்றது. அம்மா பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அப்பா கையைப் பின்னுக்கு இழுத்தார். மறுகையிலிருந்த ரொட்டியை நீட்டினார்.

"ஹெலன், இத கொஞ்சம் வச்சிக்கிறியா?"

அம்மா வாங்கிக்கொண்டாள். நடந்தோம்.