என் பேர் வெட்டிய தம்ளர்

பக்கத்து வீட்டுக்காரிக்கு ஜலதோஷம். காலையிலிருந்து நீலகிரித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த வாசனை சுவரைத் தாண்டி என் சமையலறைக்குள் வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நீ போய் நாலு மாதம் ஆகிறது. இந்த நாலு மாதத்தில் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று உன் வீட்டார் நினைத்திருப்பார்கள். இன்றைக்கு யாரோ தேய்த்துக்கொண்ட தைலத்துக்காக உட்கார்ந்து அழுதேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

அந்த வாசனை என்றாலே நமக்கு இன்ஃபுளுயன்சா வருஷம்தான். முந்தின உலகச் சண்டை முடிகிற சமயம், பட்டாளம் தங்கிய தண்டுப் பகுதி முழுவதும் காய்ச்சல். அல்சூரில் நம் பெண்கள் பள்ளிக்கூடத்தை மூடி, சில வாரம் கழித்துத் திறந்தார்கள். திறந்த அன்று என் வகுப்பில் பாதிப் பாய் காலி. ஊருக்குப் போனவர்கள் சிலர், இனி எங்கேயும் போக முடியாதவர்கள் சிலர். நீ அடுத்த அறையில், இல்லாத பிள்ளைகளின் பெயரையும் சேர்த்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

"செத்துப்போன பிள்ளைய ஏண்டி கூப்பிடறே?" என்று வந்து கேட்டேன்.

"ஒரு நாளாச்சும் கூப்பிட்டுட்டு அடிக்கிறேன், இரு" என்றாய். அப்புறம் சிவப்பு மையைத் தொட்டு ஒவ்வொரு பெயராக அடித்தாய். நான் என் ரிஜிஸ்டரை வீட்டிலேயே, யாரும் பார்க்காமல், ஒரே மூச்சில் அடித்து முடித்திருந்தேன். உனக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

முனிசிபாலிட்டி டாக்டர் வந்து சட்டம் போட்டார். ஜன்னல்களைச் சாத்தக் கூடாது. பிள்ளைகள் ஒரு முழம் தள்ளித் தள்ளி உட்கார வேண்டும். இருமுகிற பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தைலம் நனைத்த துணி ஒன்று ஒவ்வொருத்தியிடமும் இருக்க வேண்டும். நீ கை தாராளமாகத் தைலத்தை ஊற்றிவிட்டாய். வகுப்பு முழுக்கக் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தது. "எதுக்கம்மா எல்லாரும் அழுறாங்க?" என்று டாக்டர் பயந்தேபோனார்.

கடைசியாக அவர் தண்ணீர்ப் பானைப் பக்கம் போனார். மூடியின் மேல் கவிழ்த்திருந்த பித்தளைத் தம்ளரைக் கையில் எடுத்தார். "இத உள்ள வெச்சுப் பூட்டுங்க. எல்லாருக்கும் கையிலதான் ஊத்தணும்" என்றார்.

எல்லாருக்கும் என்று சொன்னார். அதுவரை எல்லாருக்கும் தம்ளர் இல்லை என்பது அந்த மனுஷருக்குத் தெரியாது. சேரியிலிருந்து வருகிற நாலைந்து பெண்களுக்கு மட்டும் செம்பைத் தூக்கிப் பிடித்துக் கையில் ஊற்றுவது வழக்கம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது இல்லை. யாரும் உத்தரவு போட்டதில்லை. நாம் வேலைக்குச் சேரும்போதே அப்படி இருந்தது, நாமும் அப்படியே விட்டிருந்தோம்.

தண்ணீர் ஊற்றுகிற ஆயா காய்ச்சலில் கிடந்ததால் நீயும் நானும் முறை வைத்து ஊற்றினோம். முதல் நாள் கூத்து நினைவிருக்கிறதா? வீட்டில் தம்ளரில் குடித்தே பழகிய பிள்ளைகளுக்குக் கையைக் குவிக்கவே தெரியவில்லை. தண்ணீர் முழங்கை வழியாக ஓடிப் பாவாடையெல்லாம் நனைந்தது. அப்போதுதான் செல்லம்மா வரிசையை விட்டு முன்னால் வந்தாள். சேரிப் பெண், எட்டு வயசு இருக்கும், முன்பல் இரண்டும் இல்லை.

"வெரல ஒட்ட வெச்சுக்கோ. குனிஞ்சுக்கோ. முழங்கையத் தூக்கிக்கோ, அப்பத்தான் தண்ணி கீழ ஓடாது. இதோ பாரு, இப்டி" என்று ஒவ்வொருத்திக்கும் காட்டிக் கொடுத்தாள். உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்கள் எல்லாம் அவளைப் பார்த்துப் பார்த்துக் குடித்தார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீயும்தான் சிரித்தாய், நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டாய்.

"எவ்ளோ அழகாக் காட்டறா பாத்தியா!" என்றேன்.

"அவளுக்கு எப்டித் தெரியும்னு யோசிச்சியா?" என்றாய்.

நான் யோசிக்கவில்லை. நீ கேட்ட பிறகும், உண்மையைச் சொல்கிறேன், யோசிக்காமல் இருக்கத்தான் பார்த்தேன்.

காய்ச்சல் தணிந்தது. பழைய தம்ளரை எடுத்து வைக்கச் சொன்னார் பெரிய டீச்சர். பூட்டிய அறையில் அது இல்லை. "கெணத்துல கிணத்துல விழுந்திருக்கும்" என்று சிலேட்டிலிருந்து தலை தூக்காமலே சொன்னாய். எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்திருக்கும். நாளைக்குள் தம்ளர் வராவிட்டால் இன்ஸ்பெக்டருக்கு எழுதுவேன் என்றார்.

மறுநாள் என் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து பானைமேல் வைத்தேன். உன்னைக் காப்பாற்றுவதாக எண்ணம். என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு அந்த வேலை ஒன்றுதான் ஆதாரம், அந்தப் பயமும் அதில் கலந்திருந்தது. அது என் கல்யாணச் சீர்த் தம்ளர். விளிம்புக்குக் கீழே அப்பா என் பேரை வெட்டச் சொல்லியிருந்தார். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பளபளன்னு இருக்குடி" என்று மட்டும் சொன்னாய்.

மத்தியானம் ஊற்றுகிற முறை என்னுடையது. செல்லம்மாவின் முறை வந்தது. அவள் கையை நீட்டாமல் தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லிக்கொடுத்த எழுத்துதான். க, ம, ல, ம் என்று விரலால் காற்றில் கூட்டிப் படித்தாள்.

"டீச்சர், இது உங்களுதா?"

"ஆமா."

"அப்ப நானும் இதுல குடிக்கலாமா?"

சண்டைக்குக் கேட்கவில்லை, சந்தோஷமாகக் கேட்டாள். பள்ளிக்கூடத்துத் தம்ளர் என்றால் கேட்டிருக்க மாட்டாள். டீச்சருடையது என்பதால் கேட்டாள். பின்னால் வரிசை நிற்கிறது. தாழ்வாரத்தில் பெரிய டீச்சர் நிற்கிறார்.

"கைய நீட்டு" என்றேன்.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன். விரல்களை ஒட்ட வைத்து, சரியாகக் குவித்து நீட்டியிருந்தாள். அதற்குள் நீ எங்கிருந்தோ வந்தாய். என் கையிலிருந்து செம்பை வாங்கித் தம்ளரை நிரப்பி அவளிடம் கொடுத்தாய். "குடி, கண்ணு" என்றாய். அவள் வாய் வைத்து, நிறுத்தி நிறுத்தி, முழுக்கக் குடித்தாள். குடித்துவிட்டுப் பாவாடையால் விளிம்பைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டு நாளில் வாசலில் தகப்பன்மார்கள் கூடிவிட்டார்கள். பெரிய டீச்சரின் மேஜைமேல் தம்ளர் இருந்தது, என் பேர் அவர் பக்கம் பார்த்திருந்தது.

"இதுல யார் குடுத்தது?"

"நான்" என்றாய்.

"உங்க தம்ளர் இல்லையே இது."

"தம்ளர் யாருதா இருந்தா என்னம்மா? குடுத்தது நான்."

நான் அதே அறையில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

உன்னை அடுகோடிப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். சேரிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல் பெரிய டீச்சர் தம்ளரே வேண்டாம் என்றுவிட்டார். நான் வேலையை விட்டு நிற்கிற வரைக்கும் எல்லாப் பிள்ளைகளும் அங்கே கையில்தான் குடித்தார்கள், செல்லம்மாவும் படிப்பு முடியும்வரை வந்தாள். நீ ஜெயித்தாய் என்று சொல்லலாம். ஆனால் தினமும் அத்தனை தூரம் நடந்தவள் நீ.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்தாய். தண்ணீர் கேட்டாய். நான் வேறு பாத்திரத்தில் கொண்டுவந்தேன். "அது எங்கே? அதுல குடுடி" என்றாய். குடித்துவிட்டு, புதுச் செருப்பு கடிக்கிறது என்று காலை நீட்டிக் காட்டினாய். அத்தோடு சரி. பிறகு எப்போது நான் "அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாலும், "அன்னைக்கு நல்ல மழை" என்று பேச்சை மாற்றிவிடுவாய். என்னை மன்னிப்புக் கேட்கவே விடவில்லை. அது உன் அன்பு என்று எனக்குத் தெரியும். சில நாள் உன்மேல் கோபமாகக்கூட இருந்தது.

இப்போது பேச்சை மாற்ற நீ இல்லை. அதனால் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தை உன்னைக் கேட்கவில்லையடி, என்னைத்தான் கேட்டாள். என் எழுத்தைப் படித்து, என் பேரை நம்பிக் கேட்டாள். பதிலை நீ சொல்லிவிட்டாய், அதற்கான தண்டனையையும் நீயே வாங்கிக்கொண்டாய். இருபத்தைந்து வருஷமாக, எந்த வீட்டுப் பிள்ளை வந்து தண்ணீர் கேட்டாலும், கொடுக்கும்போது நான் செல்லம்மாவுக்குத்தான் சொல்கிறேன்: "குடி, கண்ணு."