உரித்து நட்ட பூண்டு

அக்டோபர் 17, வெள்ளி

நாளை பூண்டு நடுகிறோம். எல்லாரும் தூங்கியாயிற்று. தையல் மிஷினின் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். பெரியம்மா பகலெல்லாம் பள்ளிச் சீருடை தைக்கும் முன்னறை இது. மிஷினுக்குப் பக்கத்தில் தரையில்தான் நான் படுக்கிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பா ஒரு கூடையை என் முன்னால் வைத்தார். பதினான்கு முழுப் பூண்டு. நாலு வருஷமாக அவரே நட்டு, பெரியதாகப் பார்த்து எடுத்துவைத்து, மறுபடி நட்டு வந்த விதை. "பல் பல்லா பிரிச்சு வைம்மா. காலையில நட்டுடலாம்" என்றார். ஒரு நாளைக்கு அவர் பேசுவதில் அதுவே பாதி.

பிரித்தேன். நூற்று நாற்பது பல். அதோடு விடாமல் எல்லாவற்றையும் உரித்தும் வைத்துவிட்டேன். கிண்ணம் நிறைய வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நகக்கண் எரிகிறது. எரியட்டும். சொன்னதற்கு மேலேயே செய்துவிட வேண்டும். மாமா வீட்டில் ஆறு மாதம் சொன்னதை மட்டும்தான் செய்தேன். ஒரே ஒரு நாள் மோட்டாரை நிறுத்த மறந்தேன், தொட்டி வழிந்து தண்ணீர் கீழ்வீட்டுக் கட்டில்வரை போய்விட்டது. மறுவாரமே மாமி, "எங்களால பாத்துக்க முடியல" என்று இங்கே கொண்டுவந்து விட்டார். அம்மா வெளிநாட்டு வேலை முடிந்து வர ஆகஸ்ட் ஆகும். இங்கேயும் வேண்டாம் என்றால்?

அக்டோபர் 18, சனி

நட்டாயிற்று. பெரியப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். விடிவதற்குள் போன் வந்து, எங்கோ நின்றுபோன பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டார். கிண்ணத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெரியம்மா மிஷினை மிதித்துக்கொண்டே, "உன்னையே நடச் சொல்லிட்டுப் போயிட்டாருடி. கூர் மேல இருக்கணுமாம். ஒரு விரல் ஆழம். நாலு விரல் தள்ளித் தள்ளி" என்றார்.

துணிக்கொடிக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவில் ஏழு வரிசை. வரிசைக்கு இருபது. மேலே வைக்கோல் பரப்பினேன். யாரும் ஒரு குறை சொல்லவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

ஐயோ.

இன்று பார்த்துப் பெரியப்பாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கண்டக்டர் மாமாவைப் பற்றி. போன வருஷம் அவரும் பூண்டு போட்டாராம். "எல்லாத்தையும் உரிச்சு நட்டிருக்கான் அந்த மனுஷன்! ஒண்ணுகூட வரல. தோல்தான் பூண்டுக்குச் சட்டை. சட்டையக் கழட்டிட்டு ஈர மண்ணுல படுக்கப் போட்டா அழுகாம என்ன பண்ணும்? அவன் பூண்டா நட்டான்? மண்ணுக்குத் தாளிச்சுக் கொட்டிட்டான்!"

பெரியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தலையில் தட்டிவிட்டேன். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன்?

நாலு வருஷ விதை. ஒரு பல்கூட மிச்சம் வைக்காமல் எல்லாம் மண்ணுக்குள்ளே.

அக்டோபர் 20, திங்கள்

சொல்லவில்லை.

அக்டோபர் 22, புதன்

பள்ளிக்குப் போவதற்கு முன் ஓரத்தில் இரண்டைத் தோண்டிப் பார்த்தேன். ஒன்றுக்கு அடியில் வெள்ளையாகத் தாடி மாதிரி வேர். இன்னொன்று பழுப்பாகக் குழைந்து, கை வைத்ததும் நசுங்கியது. நாற்றம். இரண்டையும் அப்படியே மூடிவிட்டேன். எதை நம்புவது?

சமையலறைக் கூடையிலிருந்து எடுத்து நட்டுவிடலாமா என்று நினைத்தேன். அதில் இருப்பதே ஐந்து பூண்டு. பெரியம்மா எண்ணாமலே கண்டுபிடித்துவிடுவார்.

கணக்குப் பாடத்தில் இரண்டு முறை என் பெயரைக் கூப்பிட்டார்களாம். எனக்குக் கேட்கவே இல்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

வந்துவிட்டது! வைக்கோலைத் துளைத்துக்கொண்டு ஒரு பச்சை முனை, பென்சில் சீவினது போல. காலையில் ஒன்று. சாயங்காலம் பதினொன்று. பல் தேய்க்கும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். "பல்லு தேயுதா, பிரஷ்ஷு தேயுதா?" என்று பெரியம்மா கத்தினார்.

நவம்பர் 3, திங்கள்

நூற்று மூன்று. நாலு நாளாக அதே நூற்று மூன்றுதான். மூன்றாவது வரிசையில் சேர்ந்தாற்போல் ஆறு காலி, விழுந்த பல் மாதிரி தெரிகிறது. பெரியப்பா இந்த வாரம் முழுக்க இரவு வேலை, பகலில் தூங்குகிறார். சனிக்கிழமை கட்டாயம் பார்ப்பார்.

நவம்பர் 8, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

பெரியப்பா தோட்டத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார். நான் துணிக்கொடியில் ஒரே துண்டை மூன்று தடவை உதறிக் காயப்போட்டேன். மூன்றாவது வரிசையில் நின்றார். காலியான இடத்தில் விரலை விட்டு எதையோ எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அழுகின பல்தான். தோல் இல்லாமல்.

"இது உரிச்சிருக்கே" என்றார்.

உள்ளே ஓடிவிடலாம் என்றுதான் கால் திரும்பியது. வாய் முந்திக்கொண்டது. "நான்தான் பெரியப்பா. எல்லாத்தையும் உரிச்சுட்டேன். உங்களுக்கு வேலை மிச்சமாகும்னு நெனச்சேன். தெரியாது பெரியப்பா. என்னை அனுப்பிடாதீங்க." கடைசி வார்த்தையைச் சொல்லவே கூடாது என்றிருந்தேன். அதுதான் எல்லாவற்றையும்விடச் சத்தமாக வந்தது.

அவர் எழுந்து வந்தார். அடிப்பாரோ என்று ஒரு கணம். என் கையைப் பிடித்துத் திருப்பி நகத்தைப் பார்த்தார்.

"நூத்தி நாப்பதையுமா? ஒரே ராத்திரியிலயா? வெரல் எரியலையா?"

"எரிஞ்சுது."

"எண்ணெய் தடவினியா?"

"இல்ல."

"அடப்பாவமே" என்றார். பிறகு திரும்பி, மதிலுக்கு மேல் எக்கி நின்று கூப்பிட்டார். "யோவ் கண்டக்டரே! இங்க வாய்யா! எங்க வீட்டுப் பொண்ணு உரிச்சு நட்டே நூத்தி மூணு எழுப்பியிருக்கா. உனக்குக் கை ராசி இல்லன்னு ஒத்துக்கோ!"

கண்டக்டர் மாமா தலையில் துண்டோடு எட்டிப் பார்த்தார். "யோவ் மெக்கானிக்கு, அது உன் வைக்கோலோட ராசிய்யா. என் பூண்டுக்கு யாரு போர்வை போத்துனா?"

இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டே இருந்தார்கள். நான் கொடிக்கு அடியில் உட்கார்ந்து அழுதேன். பெரியம்மா வந்து ஏன் என்று கேட்டார். சொன்னேன். "பூண்டுக்காகவா உன்ன அனுப்புவாங்க? இந்த வீட்டுல செடியக் கொல்றதுக்குன்னே தனியா ஆள் இருக்காரு. போன வருஷம் என் கருவேப்பிலைக் கன்ன மிதிச்சே கொன்னாரு. அவர எங்க அனுப்புனேன்?"

எங்க வீட்டுப் பொண்ணு என்றார் பெரியப்பா.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். நான் பேசுவதற்குள் பெரியப்பாவே வாங்கி, நூற்று மூன்று கதையை இரண்டு முறை சொன்னார். என்னைக் காட்டிக்கொடுத்தாரா, பெருமையடித்தாரா? இரண்டாவதுதான் போலிருக்கிறது.

டிசம்பர் 10, புதன்

தாள் முழங்கால் உயரம். களை பிடுங்கினேன். கை முழுக்கப் பூண்டு வாசனை. என் பெஞ்சுத் தோழி தள்ளி உட்கார்ந்தாள். மதியம் அவளே, "எங்க வீட்டுக்கும் ஒண்ணு தருவியா?" என்று கேட்டாள்.

ஜனவரி 18, ஞாயிறு

அம்மாவின் வேலையை இன்னும் ஒரு வருஷம் நீட்டித்திருக்கிறார்களாம். ஆகஸ்ட் இல்லை, அடுத்த ஆகஸ்ட். பெரியம்மா போனைக் காதில் வைத்தபடியே முன்னறையைச் சுற்றிப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். என் பாயைப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

என்ன யோசனை? பத்து மாதம் என்று சொல்லித்தானே என்னை வைத்துக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

கீழ்த்தாள்கள் மஞ்சளாகிவிட்டன. பெரியப்பா தண்ணீரை நிறுத்திவிட்டார். நான் இங்கே இருப்பதைப் பற்றி இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 7, சனி

பிடுங்கினோம். தோட்ட முள்கரண்டி போட்டு அடியை நெம்பிக் கொடுப்பது பெரியப்பா, தாளைப் பிடித்துத் தூக்குவது நான். மண் உதிர்ந்ததும் உள்ளே வெள்ளையும் ஊதாவுமாய் வரி. நூற்று ஒன்று. இரண்டு மட்டும் பிரியாமல் ஒரே பல்லாக, கோலிக்குண்டு போல. கண்டக்டர் மாமா மதில் மேல் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். அந்த இரண்டையும் பெரியப்பா அவர் கையில் வைத்தார். "யோவ், இது நியாயமா?" நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பின்னறையில் நிழலில் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

மார்ச் 29, ஞாயிறு

தோல் காகிதம் மாதிரி சரசரக்கிறது. பெரியப்பா எல்லாவற்றையும் தரையில் கொட்டி, "பெருசாப் பாத்துப் பதினஞ்சு எடும்மா. விதைக்கு" என்றார்.

"எப்போ நடறதுக்கு?"

"அக்டோபர்தான்."

கையில் ஒரு பூண்டை வைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு கேட்டுவிட்டேன். "அக்டோபர்ல நான் இங்க இருப்பேனா பெரியப்பா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை, ஓடுகிற பஸ்ஸில் சக்கரம் எங்கே என்று நான் கேட்டது போல இருந்தது. "பின்ன? யாரு நடுவா? கண்டக்டரா?"

உள்ளேயிருந்து பெரியம்மா, "என்னடி கேள்வி அது?" என்று வந்தார். சொன்னேன், யோசிச்சுச் சொல்றேன் என்றதை. பெரியம்மா இடுப்பில் கை வைத்தார். "அடக் கடவுளே. ரெண்டு மாசமா இத மனசுல வெச்சுக்கிட்டா சுத்துற? நான் யோசிச்சது இந்த மிஷின எங்க நகத்தறதுன்னு. இன்னும் ஒரு வருஷம் ஒரு பொண்ணு தரையிலயா படுக்கும்? கட்டில் போட இடம் வேணாமா? உங்கம்மாவுக்கு மறுநாளே சரின்னுட்டேன். உனக்குச் சொல்லணும்னு யாருக்குத் தோணுச்சு? நீ எங்க போகப் போற?"

பதினைந்தை எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. பெரியப்பா அவசரப்படுத்தவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

விதைக் கொத்தைச் சமையலறை ஜன்னலுக்கு மேல் நான்தான் மாட்டினேன். பெரியம்மா அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டே, "அதுலேர்ந்து ஒண்ணு பிச்சுக் குடுடி" என்றார்.

"அது விதை. தர மாட்டேன். சமையலுக்கு உள்ளது பின்னறையில இருக்கு, எடுத்துக்குங்க."

"அடேங்கப்பா! என் வீட்டுல எனக்கே பூண்டு இல்லையாம். கேட்டீங்களா?"

பெரியப்பா பேப்பரைத் திருப்பினார். "அவகிட்ட நான் என்ன பேசறது?"

பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே பின்னறைக்குப் போனார்.