டெக்னோ இல்லை என்று சொன்னேன்

பிப்ரவரி 20, 2025
நாளை திருச்செங்கோட்டில் கல்லூரி விழா. டெக்னோ இசைப் போட்டிக்கு நான் நடுவர். பெங்களூரில் ஆறு வருடம் டிஜேயாக இருந்துவிட்டு, ஊர் திரும்பி ஆபீஸ் வேலைக்குப் போகிற என்னைப் பழைய தொழிலுக்காக இந்தப் பக்கம் ஒருவர் கூப்பிடுவது இதுவே முதல் தடவை.

பிப்ரவரி 21
எழுதக் கை கூசுகிறது.
டெக்னோ தொழிற்சாலை ஊரில் பிறந்த இசை, இயந்திரத்தின் துடிப்பு அதில் இருக்கும் என்று மேடையில் விளக்கினேன். அடுத்து வந்தாள் கயல்விழி, இரண்டாமாண்டு மாணவி. அப்பா போர்வெல் வண்டியில் டிரில்லர். அந்த வண்டியின் கம்ப்ரஸர் இரைச்சலைப் பதிவு செய்து, மேலே பம்பை மேளத்தின் அடியைக் கோத்திருந்தாள். கூட்டம் எழுந்து ஆடியது. மைக்கை வாங்கினேன்.
"இது டெக்னோ இல்லை. கோயில் நோம்பிக்கு ஆடுற குத்துக்குப் பேர மாத்திக் கொண்டாந்தா ஆச்சா?"
எல்லோரும் சிரித்தார்கள். அவள் லேப்டாப்பை மூடாமலேயே தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.
முதல் பரிசு யோகேஷ் என்ற மாணவனுக்கு. சுத்தமான டெக்னோ என்று பாராட்டினேன்.

பிப்ரவரி 22
நன்றி சொல்ல யோகேஷ் போன் செய்தான். எப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.
"டெக்னோன்னு பேர் போட்ட ரெடிமேட் சவுண்ட் பேக் நெட்டுல இருக்குதுங்க மேடம். அதுல இருந்தத வரிசையா அடுக்குனேன். அவ்வளவுதானுங்க."
அப்படியானால் நேற்று நான் எதைக் கேட்டேன்?

பிப்ரவரி 25
ஆபீஸில் வேலை ஓடவில்லை. கயல்விழி வாசித்தபோது மேஜைக்கு அடியில் என் காலும் தாளம் போட்டது — அதுதான் உண்மை. அது எனக்கே பிடிக்கவில்லை. இந்த ஊர்க்காரி இல்லை நான் என்று காட்டத்தான் டெக்னோ என்ற பேரைக் கட்டிக்கொண்டு அழுகிறேனா? ச்சே. ஒரு புள்ளய அத்தன பேரு முன்னாடி அப்படிப் பேசிட்டனே.

மார்ச் 2
கயல்விழியின் வீட்டுக்குப் போனேன். "ஊட்டுக்குள்ள வாங்க" என்றார் அவள் அம்மா. மன்னிப்புக் கேட்கப் போனவள், "போட்டி விதி அப்படி..." என்று ஆரம்பித்தேன். வெட்கங்கெட்ட வாய். நிறுத்திவிட்டு, தப்பு என்னுடையது என்றேன்.
"அது டெக்னோவான்னு எனக்கும் தெரியாதுங்க மேடம். ஃபார்ம்ல வேற பேரே இல்ல, அதான் டிக் போட்டேன்."
பிறகு, "அப்பா கடைசி வரிசையில நின்னுட்டிருந்தாருங்க. அதுதான் ஒரு மாதிரி ஆயிருச்சு."
கொடுத்த தண்ணீரை என்னால் குடிக்க முடியவில்லை.

மார்ச் 3
என் தீர்ப்பு தவறு என்று கல்லூரிக்கு எழுதினேன். அதை மாணவர்கள் முன் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 19
கல்லூரியிலிருந்து பதில் இல்லை.

மே 11
கயல்விழியின் அப்பா சடையன் போன வாரம் கூப்பிட்டார். "குமாரபாளையத்துல சொந்தக்காரங்க கல்யாணம். புள்ள வாசிக்குது. வந்துட்டுப் போங்க."
போனேன். கயல்விழியின் கம்ப்ரஸரும் பம்பையும் ஒலிக்க, மண்டபத்தின் ஓரமாக நின்றேன். பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார்: "ஏனுங்க, இது என்ன வகைப் பாட்டுங்க?"
"தெரியலீங்க" என்றேன்.
அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடப் போய்விட்டார். சடையன் வந்தார். ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.